டேப்பில் ஒரு நொடிக்கு 50 படம்: இன்டர்லேஸ், ப்ரோகிரெஸிவ் வீடியோவைக் கையாளும் விதம்

போன ஆடி மாதம் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு ஆச்சி பென்டிரைவோடு வந்தார். 1996-ல் நடந்த அவர் தம்பி கல்யாணத்து விஎச்எஸ் கேசட்டை வெளியூரில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். பந்தியில் சாம்பார் வாளியோடு இலைக்கு இலை நடந்து வருகிறவர் ஆச்சியின் கணவர். இப்போது இல்லை. "அவுக நடக்கையில மட்டும் முகமெல்லாம் கோடு கோடாப் போகுது ஆத்தா. நின்னா சரியாயிருது. கேசட்டு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

நகர்ந்தால் கோடு, நின்றால் சுத்தம். ஆச்சி சொன்ன இந்த ஒரு வரியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. கேசட் கெட்டுப்போனால் அசையாத சுவரிலும் கோடு விழும். நகரும் பொருளில் மட்டும் விழுந்தால் அது டேப்பின் குற்றம் இல்லை. மாற்றியவர்கள் இன்டர்லேஸ் (பாதிப் பாதிப் படமாகப் பதிந்த) வீடியோவை ப்ரோகிரெஸிவ் (முழு முழுப் படமாகப் பதிந்தது) என்று நினைத்துக் கையாண்டதன் விளைவு.

காரைக்குடியில் அப்பா 1988-ல் தொடங்கிய ஸ்டுடியோ எங்களுடையது. தோளில் வைக்கும் பானசோனிக் விஎச்எஸ் கேமரா, பிறகு மினி டிவி (Mini DV) என்ற சின்ன டிஜிட்டல் டேப், பிறகு அதன் எச்டி வடிவமான எச்டிவி (HDV), பிறகு கார்டில் பதிவாகும் ஏவிசிஎச்டி என்று எல்லாவற்றிலும் கவரேஜ் செய்திருக்கிறோம். நான் 2006-ல் மிக்சிங் டேபிளில் உட்கார்ந்தேன். இப்போது எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் பழைய டேப்புகளை மாற்றிக் கொடுப்பதுதான். வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களும், பழைய ஹேண்டிகேமை இன்னும் பயன்படுத்துகிறவர்களும் தாங்களே செய்துகொள்ளும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் டேப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விஎச்எஸ் டெக்கைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு உருளை சாய்வாக நிற்கும். அதன் விளிம்பில் எதிரெதிராக, படத்தை டேப்பில் எழுதவும் படிக்கவும் இரண்டு ஹெட். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் அந்த உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு ஹெட் டேப்பின் மேல் சாய்வாக ஒரு தடம் போடும். ஆக, நொடிக்கு 50 தடம். இத்தனையும் எழுதி முடிக்க ஓடும் டேப் வெறும் 2.3 சென்டிமீட்டர் சொச்சம், கட்டைவிரல் அகலம். அந்த 50 தடத்தில் ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டு.

ஃபீல்டு என்பது பாதிப் படம். திரையில் தெரியும் 576 வரிகளில் ஒரு ஃபீல்டில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றை வரிகள் மட்டும் இருக்கும். அடுத்த ஃபீல்டில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டை வரிகள். இரண்டையும் சேர்த்தால் ஒரு ஃபிரேம். அப்படி நொடிக்கு 25 ஃபிரேம். இதைத்தான் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: அந்த இரண்டு ஃபீல்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல. ஒற்றை வரிகளை எடுத்துவிட்டு, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்துத்தான் கேமரா இரட்டை வரிகளை எடுக்கிறது. அதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார்.

எவ்வளவு நகர்வார்? ஒருவர் 720 புள்ளி அகலமுள்ள படத்தை மூன்று நொடியில் குறுக்கே நடந்து கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து புள்ளி நகர்ந்திருப்பார். இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாகக் கோத்துக் கம்ப்யூட்டரில் காட்டினால், ஒற்றை வரியில் அவர் மூக்கு ஓரிடத்தில், இரட்டை வரியில் ஐந்து புள்ளி தள்ளி இன்னோரிடத்தில். விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஆச்சி பார்த்த கோடு அதுதான். தவில்காரரின் இடது கைக் குச்சி இன்னும் வேகமாகப் போகும். அதில் பல் அரை விரல் நீளம் இருக்கும்.

பழைய ட்யூப் டிவியில் ஏன் இது தெரியவில்லை என்றால், அந்த டிவி ஃபீல்டுகளைக் கோக்கவே இல்லை. எடுத்த வரிசையில், எடுத்த இடைவெளியிலேயே ஒற்றை வரிகளை வரைந்தது, பிறகு இரட்டை வரிகளை வரைந்தது. கண் அதை நொடிக்கு 50 அசைவாகவே பார்த்தது. இந்த யோசனை பழையது. 1930-ல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனியில் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர் இதற்குக் காப்புரிமை கேட்டார். நொடிக்கு 25 முழுப் படம் மட்டும் காட்டினால் ட்யூப் திரை கண்ணைப் பறிக்கும்படி மினுக்கும். 50 முழுப் படம் அனுப்பினால் அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். பாதிப் படங்களாக 50 அனுப்பினால் இரண்டு சிக்கலும் தீர்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியபோதும், 1982-ல் கலர் வந்தபோதும் நம் வீடுகளுக்கு வந்தது இந்த 50 பாதிப் படங்கள்தான். அந்த டிவிக்கு ஏற்ற கேமராவைத்தான் அப்பாவும் வாங்கினார்.

எல்சிடி, எல்இடி, செல்போன் எதுவும் பாதிப் படம் காட்டாது. முழுத் திரையையும் ஒரே படமாகத்தான் காட்டும். அதனால் யாராவது ஒருவர் அந்த 50 பாதியையும் முழுப் படமாக ஆக்கியே தீர வேண்டும். அதற்குப் பெயர் டீஇன்டர்லேஸ். இதைச் சரியாகச் செய்தால் டேப்பில் இருக்கும் 50 கணமும் 50 முழுப் படமாக வெளியே வரும். தவறாகச் செய்தால் பாதி கணங்கள் குப்பைக்குப் போகும், இல்லையென்றால் சீப்புப் பல் நிரந்தரமாகப் படத்தில் பதிந்துவிடும்.

கேமரா மெனுவிலும் ஃபைல் பெயரிலும் இதை ஒரு எழுத்தால் குறிப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் 'ஐ' வந்தால் இன்டர்லேஸ், 'பி' வந்தால் ப்ரோகிரெஸிவ். ‘25 பி’ என்றால் நொடிக்கு 25 முழுப் படம். ‘50 பி’ என்றால் 50 முழுப் படம். ‘50 ஐ’ என்றால் 50 பாதிப் படம். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதே ‘50 ஐ’ வீடியோவைச் சில இடங்களில், குறிப்பாக ஒளிபரப்புத் துறை ஆவணங்களில், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் '1080 ஐ, 25' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். பால் நாட்டில் ‘ஐ’ என்ற எழுத்தோடு 25 என்று பார்த்தாலும் அதற்குள் 50 கணம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. முதல் வழி மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். அதில் ஃபைலைத் திறந்தால் ஸ்கேன் டைப் என்ற இடத்தில் இன்டர்லேஸ்டா ப்ரோகிரெஸிவா என்று சொல்லும். அடுத்த வரியில் ஸ்கேன் ஆர்டர்: டாப் ஃபீல்டு (ஒற்றை வரிகள்) முதலில், அல்லது பாட்டம் ஃபீல்டு (இரட்டை வரிகள்) முதலில். ஆனால் இது ஃபைலின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துச் சொல்வதுதான். மிட்டாய் டப்பாவில் ஊசி நூல் இருப்பது போல, சீட்டு ஒன்றும் சரக்கு ஒன்றுமாக இருக்கும் ஃபைல்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன. அதனால் இரண்டாவது வழியைச் செய்யாமல் விடாதீர்கள்: கண்ணால் பார்ப்பது.

விஎல்சி ப்ளேயரில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆஃப் செய்யுங்கள். பக்கவாட்டில் யாராவது வேகமாக நகரும் இடத்துக்குப் போங்கள். தவில், கும்மி, அட்சதை தூவும் கை, கார் கதவு திறப்பது, எதுவானாலும் சரி. அங்கே நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொன்றாக நகரும். சீப்புப் பல் கூர்மையாக, ஒரு வரி விட்டு ஒரு வரி தெரிந்தால் அது அசல் இன்டர்லேஸ். நிம்மதியாக மேலே போகலாம். பல் இருக்கிறது, ஆனால் மழுங்கி, தடிமன் தடிமனாக, அலை அலையாக இருந்தால் பல்லோடு சேர்த்து யாரோ படத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள். எவ்வளவு வேகமான அசைவிலும் பல்லே இல்லை என்றால் ஒன்று ப்ரோகிரெஸிவ், அல்லது ஏற்கெனவே டீஇன்டர்லேஸ் ஆனது.

ஆச்சியின் பென்டிரைவில் இருந்தது மழுங்கிய பல். 576 வரியை அப்படியே 720 வரியாக இழுத்திருந்தார்கள். நாலு வரி இருந்த இடத்தில் ஐந்து வரி. அந்த ஐந்தில் ஒற்றை எது, இரட்டை எது என்று இனி எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது; பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி. அதனால் இந்த வேலையில் முதல் விதி இதுதான், இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டீஇன்டர்லேஸ் செய்து முடிக்கும் வரை படத்தின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. திருப்புவது, சுழற்றுவது, ஸ்டெபிலைஸ் செய்வது, எல்லாம் அதற்குப் பிறகே.

நான் ஆச்சியிடம் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்து, கேசட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நல்லவேளை, பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்திருந்தார்.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியது: யூஎஸ்பி கேப்சர் கார்டின் அமைப்பில் பால், 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று இருக்கிறதா பாருங்கள். பல கார்டுகள் வாங்கியதும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில், 480 வரிக்கு அமைந்திருக்கும். அப்படியே எடுத்தால் ஃபீல்டுகள் அப்போதே கலைந்துவிடும். கார்டின் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்று ஒரு கட்டம் இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில் நமக்கு வேண்டியது பல்லோடு இருக்கும் அசல். ஓபிஎஸ் மென்பொருளில் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது படத்தை அதன் கேன்வாஸ் அளவுக்கு இழுத்துவிடும், நான் மேலே சொன்ன பால்-தண்ணீர்க் கதைதான். ஓபிஎஸ்தான் வேண்டும் என்றால் வீடியோ அமைப்பில் ஃபிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். பிறகு அந்த சோர்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்வு செய்யுங்கள். கேசட் ப்ளேயரையும் டிவியையும் இணைக்க விற்கும் மலிவான எச்டிஎம்ஐ பெட்டிகளை இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவதில்லை. அவை உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு வகையில் டீஇன்டர்லேஸ் செய்து 60 கணக்குக்கு மாற்றி அனுப்பும். நம் கையில் எதுவும் இருக்காது.

மினி டிவி டேப்பு என்றால் வேலை சுலபம். ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் டேப்பில் உள்ள டிஜிட்டல் பதிவு ஒரு புள்ளி மாறாமல் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். அதைச் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டீஇன்டர்லேஸ். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலைத் திறந்து, ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிடபிள்யூடிஃப் அல்லது யாடிஃப் தேர்வு செய்யுங்கள். பிடபிள்யூடிஃப் கொஞ்சம் மேல். அதற்குப் பக்கத்தில் உள்ள ப்ரீசெட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே 'டிஃபால்ட்' என்று விட்டால் இரண்டு ஃபீல்டிலிருந்து ஒரு படம் செய்யும். நொடிக்கு 25 படம்தான் கிடைக்கும். 'பாப்' என்று வையுங்கள். ஒவ்வொரு ஃபீல்டிலிருந்தும் ஒரு முழுப் படம் செய்யும். நொடிக்கு 50. இன்டர்லேஸ் டிடெக்ஷனை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் அசைவு குறைந்த இடங்களை ஒரு மாதிரியும், நிறைந்த இடங்களை ஒரு மாதிரியும் நடத்தும். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை 50 என்றும், கான்ஸ்டன்ட் என்றும் வைத்துவிடுங்கள்.

ஏன் 50-ல் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். 25 ஆக்கினால் கோடு போய்விடுகிறதே, போதாதா? ஒரே கிளிப்பை இரண்டு விதமாகவும் செய்து அடுத்தடுத்துப் பாருங்கள். 25-ல் வாளியோடு நடந்து வருகிறவர் தட்டித் தட்டி வருவார். 50-ல் அன்றைக்கு ட்யூப் டிவியில் எப்படி வழுக்கிக்கொண்டு வந்தாரோ அப்படியே வருவார். கேமராக்காரர் கேமராவைத் திருப்பும் இடங்களில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்தில் அப்பா கேமராவைத் திருப்பிய வேகம் 50-க்கு ஏற்ற வேகம். 25-ல் அது குதிக்கும். டேப்பில் இருக்கும் 50 கணத்தில் 25-ஐ நாமே தூக்கி எறிந்துவிட்டு, பழைய வீடியோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டாரிடம் சொல்வது எனக்கு மனம் ஒப்பவில்லை.

'பிளெண்ட்' என்று ஒரு முறை சில மென்பொருளில் இருக்கும். இரண்டு ஃபீல்டையும் கரைத்து ஒன்றாக்கும். பல் போய்விடும், பதிலுக்கு ஒவ்வொரு கைக்கும் ஒரு ஆவிக் கை கூடவே வரும். தூவும் அட்சதையில் ஒவ்வொரு அரிசியும் இரண்டிரண்டாகத் தெரியும். எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

முக்கியமான ஐந்து பத்து நிமிடத்துக்கு இன்னும் நல்ல முறை வேண்டும் என்றால் க்யூடிஜிஎம்சி. அது தனி மென்பொருள் இல்லை. ஏவிசிந்த், வேப்பர்சிந்த் என்பவற்றுக்குள் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் கட்டம் போட்டுத் தேர்வு செய்யலாம். சாதாரண கம்ப்யூட்டரில் நேரம் நிறையப் பிடிக்கும். ஆனால் பட்டுப்புடவையில் அதன் அருமை தெரியும். கட்டம் போட்ட கண்டாங்கியோ, மெல்லிய ஜரிகைக் கோடு படுக்கை வாட்டில் ஓடும் பார்டரோ இருந்தால், அந்தக் கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்த ஃபீல்டில் இருக்காது. அதனால் ஜரிகை துடித்துக்கொண்டே இருக்கும். யாடிஃப் அந்தத் துடிப்பை அப்படியே விட்டுவிடும். க்யூடிஜிஎம்சி முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளைப் பார்த்து அதை அடக்கிவிடும். நான் தாலி கட்டும் இடத்துக்கும், கேமரா நெருங்கி முகம் பார்க்கும் இடங்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறேன்; மண்டப வாசல், வரவேற்பு வரிசைக்கெல்லாம் பிடபிள்யூடிஃப்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் படம் நடுங்குகிறது என்றால் ஃபீல்டு வரிசை மாறியிருக்கிறது. இதில் நான் பட்டிருக்கிறேன். 2009-ல் ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்தோம். ஒன்று எச்டிவி, ஒன்று மினி டிவி. எச்டிவியில் டாப் ஃபீல்டு முதலில் வரும், மினி டிவியில் பாட்டம் ஃபீல்டு முதலில். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டு, எதையும் மாற்றாமல் டிவிடி அடித்துவிட்டேன். என் மானிட்டரில் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டர் இரண்டு ஃபீல்டையும் கோத்துத்தான் காட்டியது. வீட்டுக்குக் கொண்டுபோய் ட்யூப் டிவியில் போட்டதும் அப்பா பார்த்தார். "தவில்காரர் கை ஏன்டி இப்படி நடுங்குது? அவர் நல்லாத்தானே வாசிச்சார்" என்றார். மினி டிவியில் எடுத்த ஒவ்வொரு ஷாட்டும் நடுங்கியது. நாற்பது டிவிடியையும் திரும்ப வாங்கி, திரும்ப ரெண்டர் செய்து கொடுத்தேன்.

நடந்தது இதுதான்: கணங்கள் 1, 2, 3, 4, 5, 6 என்று வர வேண்டும். வரிசை மாறினால் 2, 1, 4, 3, 6, 5 என்று வரும். முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே தாவும். கண்டுபிடிக்க ட்யூப் டிவி தேவையில்லை. 50 படமாக மாற்றிய சின்னக் கிளிப்பை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கை ஒரே திசையில் போகும்போது நடுவில் ஒரு அடி பின்வாங்கினால் வரிசை தப்பு. எடிட்டிங் மென்பொருளான எடியஸில் கிளிப் ப்ராப்பர்டீஸுக்குள் போய் ஃபீல்டு ஆர்டரை மாற்றலாம். ப்ரீமியரில் மாடிஃபை, அதற்குள் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ். மினி டிவி, டிவிகேம் (DVCAM) என்றால் பாட்டம் முதலில். எச்டிவி, ஏவிசிஎச்டி என்றால் டாப் முதலில். விஎச்எஸ்ஸைக் கார்டு வழியாக எடுத்தால் கார்டைப் பொறுத்தது, பெரும்பாலும் டாப். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு முறை சோதித்து, ஸ்கெட்சில் கார்டின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு பொறி உண்டு. சில கேம்கார்டர்களில் ‘25 பி’ என்று வைத்து எடுத்திருப்பார்கள். கேமராவும் முழுப் படமாகத்தான் எடுத்திருக்கும். ஆனால் டேப்பிலோ கார்டிலோ எழுதும்போது அந்த முழுப் படத்தையே இரண்டு பாதியாக அறுத்து, ‘50 ஐ’ உறைக்குள் போட்டு வைத்திருக்கும். கேனனில் இதற்கு பிஎஃப் 25 என்று பெயர். மீடியாஇன்ஃபோ இன்டர்லேஸ்டு என்றே சொல்லும். அதை நம்பி டீஇன்டர்லேஸ் செய்தால், ஏற்கெனவே முழுதாக இருக்கும் படத்தின் பாதி வரிகளைத் தூக்கிவிட்டு மென்பொருள் தானாக ஊகித்து நிரப்பும். படம் மழுங்கிவிடும். தெரிந்துகொள்ளும் வழி: ஒரு நிமிடக் கிளிப்பை 'பாப்' முறையில் 50 ஆக்கி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு படத்திலும் கை நகர்ந்தால் அசல் இன்டர்லேஸ். நகர்ந்து, நின்று, நகர்ந்து, நின்று என்று இரண்டிரண்டாகப் போனால் அது உறைக்குள் இருக்கும் ‘25 பி’. அப்போது டீஇன்டர்லேஸே செய்யாதீர்கள். இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் 'நோ ஃபீல்ட்ஸ்' என்று சொல்லிவிட்டு 25-லேயே வையுங்கள்.

அமெரிக்காவில் இருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த கேமராவில் எடுத்த டேப்புகள் எங்கள் பக்கம் நிறைய வரும். அவை என்டிஎஸ்சி: 480 வரி, நொடிக்கு 59.94 ஃபீல்டு. முறை எல்லாம் மேலே சொன்னதுதான். ஃபிரேம் ரேட்டில் மட்டும் 50-க்குப் பதில் 59.94. ஊரில் எடுத்த மற்ற கேசட்டோடு சேர வேண்டுமே என்று அதை 25-க்கோ 50-க்கோ இழுக்காதீர்கள், தனி ஃபைலாகவே இருக்கட்டும். இந்த டேப்புகளில் இன்னொன்றும் பார்ப்பீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த இடமெல்லாம் படம் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னி அணையும். அறுபதில் ஒரு பங்கு ஷட்டரில் ஒரு படத்துக்கு ஒன்றேமுக்கால் மின்னல்கூட முழுசாக விழாது. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். இன்றைக்கும் புதுக் கேமராவில் 30, 60 என்று வைத்து மண்டபத்தில் எடுப்பவர்களுக்கு இதே தொல்லை வருகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் தீர்ந்துவிடும்.

புதிதாக எடுப்பதற்கு எதை வைப்பது என்று கேட்டால், என் கணிப்பு இது. கேமராவில் ‘50 பி’ இருந்தால் நிகழ்ச்சிக்கு அதுதான். ஏவிசிஎச்டியில் 2011-ல்தான் ‘50 பி’ தரத்துக்குள் வந்தது. அதற்கு முந்தைய கேமரா என்றால் பெரும்பாலும் ‘50 ஐ’, ‘25 பி’ இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். கும்மி, ஊர்வலம், மஞ்சுவிரட்டு, குழந்தை ஓடுவது என்றால் ‘50 ஐ’ வைத்து எடுத்து மேலே சொன்னபடி 50 முழுப் படமாக மாற்றுங்கள். ஆள் உட்கார்ந்து பேசுவது, கோயில் சிற்பம், சமையல், வீட்டுத் தூண் வேலைப்பாடு என்றால் ‘25 பி’ வையுங்கள், ஷட்டர் 1/50, கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். இன்டர்லேஸில் எடுக்கும்போது ஜரிகைத் துடிப்பைக் குறைக்கக் கேமரா அடுத்தடுத்த வரிகளைக் கலந்தே எழுதும். அதனால் அசையாத பொருளுக்கு ‘25 பி’ படம் கூர்மையாகவே வரும். சந்தேகமாக இருந்தால் ‘50 ஐ’. 50 கணம் இருந்தால் 25 ஆக்கிக்கொள்ளலாம், 25 மட்டும் இருந்தால் மீதியை எங்கே போய்த் தேடுவது?

டீஇன்டர்லேஸ் முடிந்த பிறகு மற்ற வேலைகள் எளிது. விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து ஆடும். ஒரு ஹெட் முடித்து இன்னொரு ஹெட் தொடங்கும் இடம் அது. ட்யூப் டிவி சட்டத்துக்குப் பின்னால் மறைந்துகிடந்தது, இப்போது தெரிகிறது. அதை வெட்டிவிடலாம். யூடியூபில் போடுவதாக இருந்தால் 1440க்கு 1080 என்று பெரிதாக்குங்கள். ஹேண்ட்பிரேக்கில் அப்ஸ்கேலிங் அனுமதி என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் பெரிதாகும். 720 வரிக்குக் கீழ் உள்ள வீடியோவை யூடியூப் நொடிக்கு 50 படமாகக் காட்டாது, பாதியாகக் குறைத்துவிடும். அதற்காகத்தான் பெரிதாக்குவது, புதிதாகத் துல்லியம் எதுவும் வந்துவிடாது.

பல்லோடு இருக்கும் மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். டீஇன்டர்லேஸ் செய்ததிலிருந்து பின்னால் திரும்ப வழி கிடையாது. பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல முறை வந்தால் மூலத்திலிருந்துதான் செய்ய முடியும். நான் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஃபைல் கொடுக்கிறேன். ஒன்றின் பெயர் 'மூலம்', இன்னொன்றின் பெயர் 'பார்க்க'. மூலத்தைத் திறந்து கோடு தெரிகிறது என்று போன் செய்வார்கள் என்பதால், கூடவே ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்துவிடுவேன்.

ஆச்சியின் கேசட்டில் பூஞ்சை கொஞ்சம் இருந்தது. சுத்தம் செய்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பந்தி வரும் இடத்துக்கு ஓட்டிக் காட்டினேன். வாளியோடு அவர் நடந்து வந்தார். நாலாவது இலைக்குக் குனிந்து, நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். ஆச்சி, "அங்கன நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டினேன். ஒரு கோடு இல்லை. மூக்குக் கண்ணாடியின் விளிம்பு கூடத் தெரிந்தது. "கொஞ்சம் உப்புப் போதுமான்னு கேக்குறாக" என்றார் ஆச்சி.